நாலேகாலுக்கு மேல்: ஒரு கல்வியாண்டும் ஒரு கோ-கோ அணியும்

2023 செப்டம்பர் கடைசி. காலாண்டு விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கணக்குத் தாளின் கடைசி இரண்டு கேள்விகளை எந்த ஆசிரியரும் முதலில் புரட்டிப் பார்ப்பார். 43 வடிவியல் வரைதல், 44 வரைபடம். தலைக்கு 8 மதிப்பெண். கணக்கே வராத பிள்ளைகூட இந்தப் பதினாறைப் பிடித்துக்கொண்டால் கரையேறிவிடும் என்பது எங்கள் வட்டாரத்து வேதவாக்கு. ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கில் பாதி சரியாக விழுந்து, இரண்டு மார்க் கேள்விகள் ஆறு வந்தால் போதும், தேர்ச்சிக்கு வேண்டிய 35 கைக்கு வந்துவிடும்.

மூன்று தாள்களில் 43 என்றும் 44 என்றும் எண் மட்டும் எழுதியிருந்தது. கீழே ஒன்றுமில்லை. வரைபடத் தாளைக் கட்டியிருந்தார்கள், அதில் ஒரு அச்சுகூட இல்லை. மூன்றும் கோ-கோ அணிப் பிள்ளைகளின் தாள்கள்.

“ஆட்டம் ஆட்டம்னு போனா இப்படித்தான்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 29, 26, 31 என்று சிவப்பு மையில் போட்டேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைச் சரிபார்த்த கதை. நான் கணக்கு வாத்தியார், அந்த வகுப்பின் வகுப்பாசிரியரும் நானே. அதனால் இதில் குற்றம்சாட்டியவன், துப்பறிந்தவன், கடைசியில் மாட்டிக்கொண்டவன் மூன்று பேரும் ஒரே ஆள். பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு பேரூராட்சி, ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, ஆறு முதல் பத்து வரை, ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ உண்டு. பிள்ளைகளை ஆடுகளத்தில் அவர்கள் உட்காரும் கட்டத்தின் எண்ணால் குறிப்பிடுகிறேன்.

அணியும் ஆட்டமும்

கோ-கோ ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். அணியில் 12 பேர், களத்தில் 9 பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டில் கட்டம் கட்டமாக, ஒருவர் இந்தப் பக்கமும் அடுத்தவர் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவார். அவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, எடுத்த திசையில் இருந்து திரும்பவும் கூடாது. ஓடுகிறவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நழுவினால், உட்கார்ந்திருப்பவரின் முதுகில் தட்டி “கோ” சொல்ல வேண்டும். தட்டு வாங்கியவர் எழுந்து பாய வேண்டும். எதிரணி மூன்று மூன்று பேராக உள்ளே வரும். துரத்த 9 நிமிடம்.

செலவில்லாத ஆட்டம். இரண்டு கம்பம், கொஞ்சம் சுண்ணாம்பு. சின்ன ஊர்ப் பள்ளிகளில் இது நிலைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஷூகூட இல்லாமல் ஆடலாம், பெரும்பாலும் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

எங்கள் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர். மற்றவர்கள் ஒன்பதாம் வகுப்பு. ஐவரில் இருவரை மட்டும் நெருங்கிப் பார்க்கப் போகிறேன். ஒருத்தி எட்டாம் கட்டம். கம்பத்துக்குப் பக்கத்துக் கட்டம் அது. எழுந்தவுடன் கம்பத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு உடம்பை முழுதாக வீசிப் பாய்வாள். இன்னொருத்தி மூன்றாம் கட்டம். சத்தமே இல்லாமல் ஆடுவாள், யார் எந்தப் பக்கம் ஏமாற்றப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பாள். காலாண்டில் 29 வாங்கியவள் எட்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்துக்கு 31.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

அந்த ஆண்டு வெயிலால் பள்ளி திறப்பு தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்பு முதல் ஜூன் 12-இல்தான் திறந்தது. போன நாட்களைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம் முதல் வாரத்திலேயே ஸ்டாஃப் ரூமில் தொற்றிக்கொண்டது. ஜூலையில் குறுவட்டப் போட்டி அறிவிப்பு வந்தது. படிவம், புகைப்படம், எமிஸ் எண் (அரசுப் பதிவில் மாணவருக்கான எண்), தலைமை ஆசிரியர் கையெழுத்து என்று பி.டி. சார் கையில் கோப்போடு அலைந்துகொண்டிருந்தார். பள்ளி விளையாட்டின் பாதி வேலை இந்தக் கோப்புதான், வெளியே யாருக்கும் அது தெரியாது. குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், அங்கே ஜெயித்தால் மாநிலம். தடகளத்துக்குக் குடியரசு தின விழாப் போட்டிகள், குழு ஆட்டங்களுக்குப் பாரதியார் தின விழாப் போட்டிகள். பெயர்தான் டிசம்பர் 11, ஜனவரி 26. அடிமட்டப் போட்டிகள் எல்லாம் பாடம் வேகமெடுக்கும் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும்.

குறுவட்டத்தில் எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். காலை வழிபாட்டில் கைதட்டினோம். கைதட்டியவர்களில் நானும் உண்டு. அன்று இரண்டாம் பீரியட் அவர்கள் முகத்தைப் பார்த்து, “ஆட்டம் போட்டது போதும், இனி புக்கை எடுங்க” என்று சொன்னவனும் நானே.

ஸ்டாஃப் ரூம் தீர்ப்பு

அக்டோபரில் பள்ளி திறந்ததும் தேர்ச்சிப் பகுப்பாய்வுக் கூட்டம். பெயிலானவர்கள் பட்டியலில் அணிப் பிள்ளைகள் மூன்று பேர் என்றதும் ஒரு யோசனை வந்தது: காலாண்டில் தவறியவர்களை மாவட்டப் போட்டிக்கு அனுப்பக் கூடாது. பலர் தலையாட்டினார்கள்.

இது உலகம் முழுக்க ஓடும் வாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1984-இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். 100-க்கு 70 இல்லையென்றால் ஆறு வாரம் களத்துக்குப் போகக் கூடாது. பள்ளி ஃபுட்பாலே ஊர்த் திருவிழாவாக இருக்கும் இடம் அது, பெரிய சண்டையானது. 1995-இல் அந்த ஆறு வாரத்தை மூன்றாகக் குறைத்தார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்று யாருக்கும் டெக்சாஸ் ஞாபகம் வரவில்லை. ஆனால் சொன்னது எல்லாம் அதேதான்.

பி.டி. சார் அதிகம் பேச மாட்டார். “மூணு பேரை எடுத்துட்டா மிச்சம் ஒன்பது பேர் சார். மாத்து ஆளே இல்லாம எப்படி இறங்குறது?” என்று மட்டும் கேட்டார்.

தலைமை ஆசிரியை தீர்ப்பைச் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். “சார், இவங்க பெயிலானது விளையாட்டாலதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கணக்குப் பார்த்தது

முதலில் வருகைப் பதிவேடு. போட்டிக்குப் போன நாட்களில் பிள்ளைகளுக்கு ஓ.டி. போடுவோம், அதாவது வந்ததாகவே கணக்கு. சாயங்காலம் எடுத்துப் பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்த மாதிரியே தெரியும். எங்கள் சிக்கல் பாதி இந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. விடுப்பு எடுத்த பிள்ளையை மறுநாள் “ஏன் வரலை, நோட்டை வாங்கி எழுது” என்று கேட்போம். ஓ.டி. பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

ஜூன் முதல் காலாண்டு வரை, குறுவட்டம், அதற்கு முந்தைய அணித் தேர்வு, சுதந்திர தின டிரில் ஒத்திகை எல்லாம் சேர்த்து அணிப் பிள்ளைகள் இழந்த கணக்குப் பீரியட்கள் ஏழு.

அடுத்து என் பாடக் குறிப்பேடு. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் அந்த வகுப்புக்கு. போர்ஷன் முடியவில்லை, ஸ்லிப் டெஸ்ட் வைக்க வேண்டும் என்று நான் “கடன்” வாங்கிய பி.டி. பீரியட்களை எண்ணினேன். பதினொன்று. அறிவியல் டீச்சர் வாங்கியதைச் சேர்க்கவில்லை. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையில் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆக, ஆட்டம் கணக்கிடம் இருந்து எடுத்தது ஏழு. கணக்கு ஆட்டத்திடம் இருந்து எடுத்தது பதினொன்று. வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து, மேலே நாலு பீரியட் லாபம். கால அட்டவணை கொடுத்ததைவிட இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு அதிகமாகவே நடந்திருக்கிறது. அப்படியும் பெயில்.

எங்கே போனது? விடைத்தாள்களை மறுபடி எடுத்து, எந்தக் கேள்வி என்றைக்கு நடத்திய பாடம் என்று தேதி போட்டேன். எட்டாம் கட்டத்தின் 29 இப்படி இருந்தது: ஒரு மார்க்கில் 9, இரண்டு மார்க்கில் 8, ஐந்து மார்க்கில் 12, வடிவியல் 0, வரைபடம் 0. இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தை நான் முதல்முறை போர்டில் போட்ட நாளும், ஒத்த முக்கோணம் வரைவதைத் தொடங்கிய நாளும் குறுவட்டப் போட்டிக்கு முன்னும் பின்னும் விழுந்திருந்தன. இழந்த ஏழில் இரண்டு. மற்ற ஐந்து பீரியட்களில் போனது எல்லாம் அடுத்தடுத்த பாடங்களில் தானாகவே ஈடாகியிருந்தது. இந்த இரண்டு ஈடாகவில்லை. காரணம், இவை இரண்டும் கையால் செய்யும் வேலை. நோட்டை வாங்கி எழுதினால் வராது. பக்கத்துப் பெண்ணின் நோட்டில் முடிந்த படம் இருக்கும், முதலில் எந்தக் கோடு, எங்கே காம்பஸ் முனை, எந்த வில் எதை வெட்டுகிறது என்பது அந்தப் படத்தில் இருக்காது.

நான் கடன் வாங்கிய பதினொன்றில் ஒன்றையாவது இதற்குச் செலவிட்டேனா? இல்லை. வகுப்பு முழுதுக்கும் டெஸ்ட் வைத்தேன். நடத்தாத பாடத்தில் இருந்தும் அந்த ஐந்து பேருக்குக் கேள்வி போனது.

வகுப்புக்குப் போய் எட்டாம் கட்டத்தைக் கூப்பிட்டு, ஒரு ஒத்த முக்கோணம் வரையச் சொன்னேன். காம்பஸை எடுத்தாள். திருகு லூஸாகிக் கால் அகன்றுகொண்டே போனது. பென்சிலை விரல் நுனியால் பிடித்தாள், உள்ளங்கையைத் தாளில் வைக்கவில்லை. ஏன் என்று பார்த்தேன். கம்பம் பிடித்துப் பாய்ந்து பாய்ந்து உள்ளங்கையில் தோல் உரிந்து, மேலே புதுக் காயம் வேறு.

“வலிக்குதா?”

“இல்ல சார். தாள்ல பட்டா ஒட்டிக்கும், அதான்.”

குறுவட்டக் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைப் பார்க்கவில்லை.

நாலேகால்

தலைமை ஆசிரியையிடம் ஏழையும் பதினொன்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. மூன்று பேரும் மாவட்டத்துக்குப் போகட்டும் என்றார். அதோடு அடுத்த கேள்வி: “சரி, ஸ்பெஷல் கிளாஸுக்கு எப்போ வருவாங்க?”

இங்கேதான் உண்மையான முட்டல். காலாண்டு முடிந்ததும் தவறியவர்களை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்து, மாலை 4.15-இல் இருந்து 5.15 வரை சிறப்பு வகுப்பு. கையேடு கொடுத்து, முக்கியமானதை மட்டும் திரும்பத் திரும்ப. கோ-கோ பயிற்சியும் 4.15-இல் இருந்து 5.15. ஒன்பதேகாலில் இருந்து நாலு வரை பள்ளிக்குள் எட்டுப் பீரியட் இருக்கிறது. அதில் பாடத்துக்கும் ஆட்டத்துக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை முழுக்க மணியடித்த பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்துக்கு.

இதில் மூன்றாவது பங்காளி ஒருவர் உண்டு, அதை நான் மூன்றாம் கட்டத்தின் அம்மா வந்து சொல்லித்தான் உணர்ந்தேன். ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. “விளையாடட்டும் சார், வேணாங்கலை. படிக்கட்டும், அதையும் வேணாங்கலை. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும். வந்தா தம்பியைப் பாக்கணும், நான் வேலைக்குப் போகணும்.” பஸ் பாஸ் இலவசம்தான். பஸ் வந்தால்தானே.

சரி, காலையில் பயிற்சி வைக்கலாம் என்று பி.டி. சார் ஏழரைக்கு வரச் சொன்னார். ஒரு வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரம் காலை வழிபாட்டில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சரிந்து விழுந்தாள். விசாரித்தால் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் சாப்பிடாமல் ஓடுகிறார்கள். ஆறரைக்கு வீட்டில் அடுப்பு பற்றியிருக்காது. எங்கள் சுவரை ஒட்டித் தொடக்கப் பள்ளி. அங்கே ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு, 2022-இல் வந்த திட்டம். கிச்சடி வாசனை எங்கள் மைதானம் வரை வரும். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவு பத்து வரை உண்டு, ஆனால் அதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. ஓடி முடித்த பிள்ளைகள் சுவர் ஓரம் நின்று அந்த வாசனையைப் பற்றிக் கேலி பேசிக்கொள்வார்கள். கேலிதான். அப்புறம் பி.டி. சார் வேர்க்கடலையும் வெல்லமும் டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தார். யார் காசு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒட்டுப்போட்டது இப்படி: வாரத்தில் மூன்று மாலை சிறப்பு வகுப்பு, இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை காலை பயிற்சி. போட்டிக்குப் போய்த் திரும்பிய மறுநாள், மதிய உணவு முடிந்ததும் இருபது நிமிடம் அந்த ஐந்து பேரும் என்னோடு. கையால் செய்யும் பாடம் போயிருந்தால் மட்டும். மற்றதை நோட்டு பார்த்துக்கொள்ளும். காம்பஸுக்குத் திருகு நான் வாங்கிக் கொடுத்தேன். பெரிய விஷயம் இல்லை, ஆனால் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் மூன்று மாதம் அது லூஸாகவே இருந்திருக்கிறது.

மாவட்டம், மழை, அரையாண்டு

மாவட்டப் போட்டியில் அரையிறுதியில் தோற்றார்கள். இரண்டு புள்ளி. நான் அன்று முதல்முறையாக மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். போர்டில் கோணம் பற்றி மணிக்கணக்காகப் பேசும் எனக்கு, எட்டாம் கட்டம் கம்பத்தைப் பிடித்துச் சுழலும்போது அவள் எடுக்கும் ஆரம் பார்த்து வியப்பு. கையை நீட்டினால் வட்டம் பெரிதாகும், நேரம் போகும். மடக்கினால் வட்டம் சுருங்கும், எட்டாது. ஒவ்வொரு முறையும் அளவெடுத்த மாதிரி நடுவில் எங்கோ பிடித்தாள். திரும்பி வரும் வேனில் இதை அவளிடம் சொல்லிவிட்டேன். “அதெல்லாம் தெரியாது சார்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். வட்டத்தையும் வாழ்க்கையையும் இணைத்துப் பாடம் நடத்தும் ஆசிரிய ஆசை எனக்கு அதோடு போனது.

நவம்பரில் மழை. மைதானத்தில் தண்ணீர் நின்றது, பயிற்சி நின்றது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும் சுற்று மாவட்டங்களும் மூழ்க, அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போனது. பயிற்சி இல்லாத அந்தச் சில வாரங்களில் பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருப்பார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். சிறப்பு வகுப்பு வருகைத் தாளைப் பார்த்தேன். பயிற்சி நடந்த வாரங்களில் அணிப் பிள்ளைகள் அநேகமாக முழுக்க வந்திருக்கிறார்கள், பயிற்சி நின்ற வாரங்களில் மணியடித்ததும் கிளம்பியிருக்கிறார்கள். இதற்கு மழையும் பஸ்ஸும் காரணமாக இருக்கலாம். ஐந்து பேரை வைத்து நான் விதி எழுத மாட்டேன்.

அரையாண்டில் எட்டாம் கட்டம் 41. வடிவியலில் 7, வரைபடத்தில் 6. ஐந்து மார்க்கில் முன்பைவிடக் குறைந்திருந்தது. எல்லாம் ஏறிவிடவில்லை. சமூக அறிவியலில் வேறு இறங்கியிருந்தாள். அந்த டீச்சர் என்னிடம் வந்து, “உங்க பாடத்துக்கு மட்டும் மதியம் எடுத்தா எங்களுக்கு யாரு எடுப்பா?” என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் கட்டம்

நவம்பர் கடைசியில் மூன்றாம் கட்டம் அணியில் இருந்து விலகினாள். பத்தாவது ஆயிற்றே, படிப்பில் கவனம் வைக்கப் போகிறாள் என்று எல்லோரும் சொன்னோம். அவளும் அதையே சொன்னாள். ஸ்டாஃப் ரூமில் அதை ஒரு நல்ல செய்தியாகவே பேசிக்கொண்டோம். பி.டி. சார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையில் அவள் அம்மாவின் வேலை நேரம் மாறியிருந்தது. நாலே முக்காலுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் அவள் விட்டது கோ-கோவை மட்டும் இல்லை, சிறப்பு வகுப்பையும். டிசம்பர் தாண்டியதும் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, ஜனவரியில் இரண்டு நாள். முன்பு அவளைச் சனிக்கிழமைகூடப் பள்ளிக்கு இழுத்துவந்தது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணியில் இருந்தவரை, அவள் வரவில்லையென்றால் மறுநாள் காலை நாலு பேர் அவளைக் கேட்டார்கள். வகுப்பில் நான் மட்டும்தான் கேட்டேன், அதுவும் பதிவேட்டைப் பார்த்து.

இந்த ஆய்வில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இவள் பகுதிதான். “விளையாட்டை விட்டால் படிப்பு வரும்” என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, அது தானாகவே எங்கள் கண்முன் சோதிக்கப்பட்டுவிட்டது. ஜனவரி கடைசியில் நானும் பி.டி. சாரும் அவள் வீட்டுக்குப் போனோம். ஆடச் சொல்லிக் கேட்கவில்லை. தம்பியைச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம். பையன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு திரிந்தான். அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினாள், பயிற்சி முடிந்த பிள்ளைகள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

அந்த மாதம் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தன, 19 முதல் 31 வரை. 38 தங்கம் உட்பட 98 பதக்கத்தோடு தமிழ்நாடு இரண்டாமிடம். கோ-கோ ஆட்டத்தை யாரோ ஒருவரின் போனில் சுற்றி நின்று பார்த்தார்கள். மேட் விரித்த தரை, ஷூ, விளக்கு. “இது நம்ம ஆட்டம்தானா சார்?” என்று ஒருத்தி கேட்டாள். மண்ணில் விழுந்து உரிந்த முழங்கை அவளுடையது.

மார்ச் முதல் மே வரை

பிப்ரவரிக்கு மேல் ஆட்டம் இல்லை. திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மறுபடி திருப்புதல். இதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பள்ளியிலும் அந்த இரண்டு மாதம் ஒரே மாதிரி இருக்கும். பொதுத்தேர்வு மார்ச் 26-இல் தொடங்கியது. கணக்கு ஏப்ரல் 1. “அன்னிக்குக் கேள்வித்தாளே முட்டாளாக்கும் சார்” என்று பிள்ளைகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மே 10-இல் முடிவு வந்தது. மாநிலத்தில் 91.55 சதவீதம். எங்கள் ஐந்து பேரும் தேர்ச்சி. எட்டாம் கட்டம் கணக்கில் 52. மூன்றாம் கட்டம் 36. இந்த 36-ஐ வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காலாண்டில் அவள்தான் மூவரில் அதிகம் வாங்கியவள்.

எங்கள் பள்ளி பத்தோடு முடிகிறது. பதினொன்றுக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த எட்டாம் கட்டத்தின் கையில் குறுவட்டச் சான்றிதழும் இருந்தது. அங்கே கோ-கோ அணி இருக்கிறதா என்று பி.டி. சாரிடம் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அங்கே வாலிபால் மட்டும்தான் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூனில் மாற்றியது

கால அட்டவணை போடும் வேலை என்னுடையது. பல வருடமாக பி.டி. பீரியடை நடுப்பகலிலோ, எந்தப் பாடமும் கேட்காத ஓட்டையிலோ சொருகிவந்தேன். இந்த முறை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு நாளும் எட்டாவது பீரியடாக வைத்தேன். அப்படி வைத்தால் பயிற்சி மூன்றரைக்கே தொடங்கும், நாலே முக்காலுக்கு முடியும், பஸ் பிடிக்கலாம். மற்ற மூன்று மாலையும் சிறப்பு வகுப்புக்கு. ஓ.டி. போன பிள்ளைகளுக்குப் பதிவேட்டின் பின்பக்கத்தில் ஒரு பத்தி கோடு போட்டு, அன்று என்ன நடந்தது, கையால் செய்யும் பாடமா என்று ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு வரி எழுதச் சொல்லி தலைமை ஆசிரியை கையெழுத்திட்டார். சிலர் எழுதுகிறார்கள். சிலர் “பாடம் நடந்தது” என்று எழுதுகிறார்கள்.

காலை உணவுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடலை டப்பா தொடர்கிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் அறிவியல் டீச்சர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வந்தார். “சார், மின்னியல் பாடம் இன்னும் பாதி நிக்குது. வியாழக்கிழமை எட்டாவது பீரியட் சும்மாதானே இருக்கு? இந்த ஒரு வாரம் மட்டும்.”

“அது என்னோடது இல்ல டீச்சர், பி.டி. சார்கிட்ட கேளுங்க” என்றேன்.

ஜன்னல் வழியே பார்த்தோம். அவர் குனிந்து எட்டாம் கட்டத்துக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.